இல்லீகல் பேஸ்மென்றில அஞ்சு வருசம்

2022 பெப்ரவரி, ஒரு சனிக்கிழமை பின்னேரம். இவர் வேலையில, மகள் ரிவிக்கு முன்னால, நான் புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிண்டனான். வீட்டுக்கார அண்ணை பக்கக் கதவால நாங்கள் இருந்த பேஸ்மென்றுக்கு (அவற்ர வீட்டின்ர நிலக்கீழ்ப் பகுதி) இறங்கி வந்து குசினி மேசையில ஒரு பேப்பரை வைச்சார். "பிள்ளை, இதில ஒரு கையெழுத்தை வைச்சு விடு, மாச முடிவில எடுத்தாக் காணும், மகனுக்குக் கலியாணம் பேசியாச்சு, அவன்தான் இஞ்சை இருக்கப் போறான்" எண்டார். என்ர ரெண்டு கையிலயும் மா. அதாலதான் அண்டைக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை, வேற ஒரு காரணமும் இல்லை. "இவர் வரட்டும் அண்ணை, கேட்டுட்டு வைக்கிறன்" எண்டு சொன்னன். அவர் பேப்பரை அங்கையே விட்டிட்டுப் போட்டார்.

அந்தப் பேப்பருக்குப் பேர் என் 11 (N11). வீட்டுக்காரரும் குடியிருக்கிறவையும் ரெண்டு பேரும் விரும்பி, வாடகையை முடிச்சுக்கொள்ளுவம் எண்டு ஒத்துக்கொள்ளுற ஃபோம். விரும்பி எண்டதுதான் அதில முக்கியமான சொல்லு. அதில கையெழுத்து வைச்சா, "நான் போறன், எனக்குச் சம்மதம்" எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அதை வைச்சுக்கொண்டு வீட்டுக்காரர் வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கிற போர்டிட்டப் போனா, எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காமலே வெளியேறச் சொல்லி ஓடர் குடுக்க அவைக்கு வழி இருக்கு. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. மா காய முந்தி அந்தப் பேப்பரை மடிச்சு அரிசி வாளிக்கு மேல வைச்சன், அவ்வளவுதான்.

எங்கட கதையைச் சொன்னாத்தான் மிச்சம் விளங்கும். நாங்கள் 2017 ஆடி மாசம் கனடாவுக்கு வந்தனாங்கள், அகதிக் கோரிக்கை வைச்சு. முதல் மூண்டு கிழமை ரொறொன்ரோ சென்ற் ஜேம்ஸ் ரவுணில இவற்ர சித்தி வீட்டில. 80களில எங்கட சனம் வந்து முதல் இறங்கின கட்டிடங்கள் அதுகள்தான், இப்பவும் லிஃப்டில தமிழ் கேக்கும். பிறகு கோயிலில சந்திச்ச ஒருத்தர், எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர், ஸ்காபரோவில வீடு, "பேஸ்மென்ற் சும்மா கிடக்கு, வாங்கோ" எண்டார். மாசம் 950 டொலர், காசாத் தரவேணும். லீஸ் எழுதேல்லை. எழுதச் சொல்லிக் கேக்க எங்களுக்கு வாய் வரேல்லை. அந்த மனுசன் முதல் வின்ரருக்கு இவருக்குத் தன்ர பழைய ஜக்கற் ஒண்டு தந்தவர், மகளுக்குக் காய்ச்சல் எண்டு இரவு ரெண்டு மணிக்குத் தன்ர காரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர், அவற்ர மனுசி, நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறனான், பொங்கலுக்கு மேல இருந்து சர்க்கரைப் பொங்கல் அனுப்புறவ. இதையெல்லாம் நான் மறக்கேல்லை, இப்பவும் மறக்கேல்லை. அதாலதான் இந்தக் கதை எனக்கு எழுதக் கஷ்டமாக் கிடக்கு. ஆனா எங்கட ஆக்களுக்கை கனபேர் இதே நன்றிக்கடனுக்காகத்தான் ஒரு சத்தமும் போடாம இரவோடிரவா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போயினம், அதையும் நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன்.

நாங்கள் உடன கையெழுத்து வைக்கேல்லை எண்ட உடன அண்ணை மாறினார். முதல் நாலு நாள் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு இவரைக் காருக்குப் பக்கத்தில மறிச்சு, "தம்பி, இந்த பேஸ்மென்ற் இல்லீகல். பேர்மிற் எடுக்கேல்லை. நாளைக்கு சிற்றிக்காரன் வந்தா உங்களைத்தான் முதல் வெளியில போடுவான். இல்லீகல் வீட்டில இருக்கிற ஆக்களுக்கு ஒரு ரைற்ஸும் இல்லை, லீஸும் இல்லை, ரிசீற்றும் இல்லை, எங்கை போய் என்னத்தைக் காட்டப் போறீர்? உங்கட கேஸும் இன்னும் முடியேல்லை, ஏன் தேவையில்லாத பிரச்சினை" எண்டு சொல்லியிருக்கிறார். இவர் வந்து கட்டிலில இருந்துகொண்டு சொன்னார், "வெளிக்கிடுவம்." அவற்ர முகம் அண்டைக்கு இருந்த மாதிரி நான் வவுனியாவில முகாமிலதான் கண்டனான்.

இல்லீகல் எண்ட ஒரு சொல்லு எங்கட மாதிரி ஆக்களை என்ன செய்யும் எண்டு ஆருக்கும் சொல்லி விளங்கப்படுத்தேலாது. எங்கட காதில அது வீட்டைப் பற்றின சொல்லாக் கேக்கிறேல்லை, எங்களைப் பற்றின சொல்லாத்தான் கேக்கும். பேர்மிற் எடுக்காமல் விட்டது நாங்கள் இல்லை, சுவர் வைச்சது நாங்கள் இல்லை, அஞ்சு வருசம் ஒரு மாசமும் பிந்தாம காசு குடுத்ததுதான் நாங்கள். எண்டாலும் பயப்பிட்டது நாங்கள்தான்.

அடுத்த கிழமை ஹீற் குறைஞ்சுது. தேர்மோஸ்ராற் மேல அவையின்ர ஹோலில இருக்கு, எங்களுக்குக் கை எட்டாது. வெளியில மைனஸ் 18, உள்ளுக்கை மகள் ஜக்கற்றோட இருந்து ஹோம்வேர்க் செய்யுறாள். டொலர் கடையில ஒரு தேர்மோமீற்றர் வாங்கி சுவரில கொழுவினன், 15 பாகை காட்டிச்சுது. அதை ஒவ்வொரு நாளும் காலமையும் இரவும் ஃபோனில படம் எடுத்தன். ஏன் எடுத்தன் எண்டு கேட்டா, ஆருக்கோ ஒரு நாள் காட்டவேணும் எண்டு மனசில பட்டுது. ரொறொன்ரோ சிற்றிச் சட்டப்படி குளிர்காலத்தில வீட்டுக்காரர் 21 பாகைக்குக் குறையாம வைச்சிருக்க வேணும் எண்டது அப்ப தெரியாது.

மகளின்ர பள்ளிக்கூடத்தில, புதுசா வந்த குடும்பங்களுக்கு உதவி செய்யிற தமிழ் கதைக்கிற வேர்க்கர் ஒரு அக்கா இருந்தவ. பிள்ளை ஏன் வகுப்பிலயும் ஜக்கற்றைக் கழட்டுறாள் இல்லை எண்டு கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டவ. நான் அழுதிட்டன். அவதான் ஸ்காபரோவில இருக்கிற இலவச சட்ட உதவி நிலையம் ஒண்டுக்கு ஃபோன் எடுத்துத் தந்தவ. லீகல் எய்ட் ஒன்ராறியோவின்ர காசில நடக்கிற கிளினிக்குகள் இதுகள், வருமானம் குறைஞ்ச ஆக்களிட்ட காசு எடுக்கிறேல்லை, அகதிக் கோரிக்கை முடிஞ்சுதோ இல்லையோ எண்டு பாத்து திருப்பி அனுப்புறேல்லை.

அங்கை ஒரு லோயர் பிள்ளை, என்னை விட வயசு குறைவு, முதல் கேட்ட கேள்வி: "கையெழுத்து வைச்சிட்டீங்களா?" இல்லை எண்டன். அவ மூச்சு விட்டது எனக்குக் கேட்டுது.

அவ சொன்னதையும், பிறகு நானே வாசிச்சும் ஆக்களைக் கேட்டும் தெரிஞ்சுகொண்டதையும்தான் இஞ்சை எழுதுறன், ஏனெண்டா இதை ஒருத்தர் எனக்கு 2017இலயே தமிழில சொல்லியிருந்தா நான் அந்தக் குளிரில பிள்ளையை வைச்சிருந்திருக்க மாட்டன்.

ஒன்ராறியோவில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்கான சட்டம் ரெசிடென்ஷியல் ரெனன்சீஸ் அக்ற், 2006. அதின்ர மூண்டாம் பிரிவிலயே சொல்லிப்போட்டினம், வேற எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், உங்களுக்குள்ள நீங்கள் என்ன ஒப்பந்தம் எழுதினாலும், இந்தச் சட்டம்தான் செல்லும் எண்டு. சிற்றியிட்ட பேர்மிற் எடுத்த வீட்டுக்கு மட்டும் எண்டு அதில எங்கையும் இல்லை. ஆக்கள் காசு குடுத்துக் குடியிருக்கிற இடம் எண்டா அது வாடகை வீடுதான். லீஸ் எழுதாட்டிலும் வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். காசாக் குடுத்தாலும் வாடகை வாடகைதான். நீங்கள் எந்த விசாவில இருக்கிறீங்கள் எண்டு அந்தச் சட்டம் கேக்கிறேல்லை. பேர்மிற் இல்லாட்டி அது வீட்டுக்காரருக்கும் சிற்றிக்கும் இடையில உள்ள பிரச்சினை, ஓடர் வந்தா அது அவற்ர பேருக்குத்தான் வரும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, கவனமாக் கேளுங்கோ. வீட்டுக்காரரோட, அல்லது அவற்ர மனுசி, பிள்ளை, தாய் தகப்பனோட நீங்கள் குசினியையோ பாத்றூமையோ பங்கு போட வேண்டிய இடம், அவையும் அதே கட்டிடத்தில இருக்கினம் எண்டா, இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அறை எடுத்து இருக்கிற கனபேர் இதுக்கைதான் மாட்டுப்படுறவை. லோண்ட்றி மெஷினைப் பங்கு போடுறது கணக்கில்லை. எங்களுக்குத் தனிக் குசினி, தனி பாத்றூம், லோண்ட்றி மட்டும்தான் பொது, அதால நாங்கள் தப்பினம்.

பிறகு ஆர் எங்களை வெளியில போடலாம் எண்டது. வீட்டுக்காரர் போடேலாது. பொலிஸும் வீட்டுக்காரற்ர சொல்லைக் கேட்டு வெளியில போடேலாது. லான்ட்லோர்ட் அன்ட் ரெனன்ட் போர்ட் எண்ட தீர்ப்பாயம் ஓடர் போடவேணும், ஓடர் போட்டாலும் அதை நிறைவேத்துற அதிகாரி, ஷெரிஃப், வந்துதான் கதவைப் பூட்டலாம். வீட்டுக்காரர் தானா பூட்டை மாத்தினா, ஹீற், தண்ணி, கரண்டை நிப்பாட்டினா, அது அவர் செய்யிற குற்றம். மாகாண அரசாங்கத்தில இதுக்கெண்டே றென்டல் ஹவுசிங் என்ஃபோர்ஸ்மென்ற் யூனிற் எண்டு ஒண்டு இருக்கு, கூப்பிட்டா வீட்டுக்காரரோட அவையே கதைப்பினம்.

மகன் வந்து இருக்கப் போறான் எண்டா அதுக்கு ஒழுங்கான வழி என் 12. குறைஞ்சது 60 நாள் தரவேணும், வாடகை மாசத்தின்ர கடைசி நாளிலதான் முடியவேணும், ஒரு மாச வாடகையை நட்டஈடாத் தரவேணும், வாற ஆள் குறைஞ்சது ஒரு வருசம் இருக்கிற எண்ணத்தோட வரவேணும். இனி பேஸ்மென்றையே உடைக்கப் போறன், மூடப் போறன் எண்டா அது என் 13, அதுக்கு 120 நாள். அஞ்சு வீட்டுக்குக் குறைஞ்ச கட்டிடங்களிலயும் இதுக்கு ஒரு மாச வாடகை குடுக்கவேணும் எண்டு 2020 ஆடியில மாத்தினவை, ஆனா சிற்றியோ வேற அதிகாரியோ ஓடர் போட்டு மூடச் சொன்னா அந்தக் காசு இல்லை. இது நான் 2022இல கேட்ட கணக்கு, இதுகளை அடிக்கடி மாத்துவினம், அதால உங்களுக்கு நோட்டீஸ் வாற அண்டைக்கு கிளினிக்கில ஒருக்காக் கேளுங்கோ. ஆனா இது ஒண்டை மனசில வையுங்கோ: அந்தப் பேப்பரில போட்ட திகதி வந்த உடன நீங்கள் இறங்கி ஓடவேணும் எண்டு இல்லை. அது நோட்டீஸ் மட்டும்தான். நீங்கள் போகாட்டி வீட்டுக்காரர் போர்டுக்கு விண்ணப்பிக்க வேணும், அங்கை உங்களையும் கேப்பினம், பிள்ளையின்ர பள்ளிக்கூடம், வருத்தம், வேற வீடு கிடைக்காதது எல்லாம் சொல்லலாம். ஹீற் இல்லை எண்டு நீங்கள் சிற்றிக்கு முறைப்பாடு குடுத்ததுக்காகத்தான் உங்களை எழுப்பப் பாக்கினம் எண்டு காட்டினா, போர்ட் அந்த விண்ணப்பத்தைத் தள்ளவேணும் எண்டே சட்டத்தில இருக்கு.

என்ர மச்சாள் ஒருத்தி நியூயோர்க் குயீன்ஸில இருக்கிறா. அவ ஃபோனில, "இல்லீகல் வீட்டுக்கு வாடகை குடுக்கத் தேவையில்லை, நிப்பாட்டு" எண்டா. அவ சொன்னதிலயும் உண்மை இருக்கு, நியூயோர்க்கில மூண்டு வீடும் அதுக்கு மேலயும் உள்ள கட்டிடத்துக்குக் குடியிருப்புச் சான்றிதழ் இல்லாட்டி வாடகை வசூலிக்கேலாது எண்டு சட்டம் இருக்கு. ஆனா ஒன்ராறியோவில அப்பிடி இல்லை. இஞ்சை வாடகையை நிப்பாட்டினா, வீட்டுக்காரருக்கு உங்களை எழுப்ப நீங்களே காரணம் எடுத்துக் குடுக்கிற மாதிரி. ஹீற் இல்லாட்டியும், கோவம் வந்தாலும், வாடகையைக் குடுங்கோ, குடுத்ததுக்கு அடையாளம் வைச்சிருங்கோ. நாங்கள் மாசி மாசத்தில இருந்து ஈ-ட்றான்ஸ்ஃபர் பண்ணத் தொடங்கினம். அண்ணை முதல் மாசம் எடுக்கேல்லை, திருப்பிக் காசாக் கேட்டார். லோயர் பிள்ளை சொன்ன மாதிரி, காசு குடுத்த அண்டைக்கே "இந்த மாச வாடகை 950 தந்திருக்கிறம் அண்ணை, ரிசீற் ஒண்டு தாங்கோ" எண்டு ரெக்ஸ்ற் அனுப்பினன். அவர் "ஓகே" எண்டு பதில் போட்டார். அந்த ஓகே பிறகு எங்களுக்குக் கன இடத்தில உதவிச்சுது.

ரிசீற் ஏன் தராயினம் எண்டதையும் சொல்லவேணும். கேட்டா இலவசமாத் தரவேணும் எண்டு சட்டம். கனபேர் வாடகைக் காசை வருமானத்தில காட்டுறேல்லை, அதாலதான் இந்த ரிசீற் எண்டாப் பயம். எங்களுக்கு நட்டம் என்னெண்டா, ட்றில்லியம் பெனிஃபிற் எண்டு வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு ஒன்ராறியோ குடுக்கிற உதவிக் காசுக்கு எவ்வளவு வாடகை குடுத்தனாங்கள் எண்டு காட்டவேணும், அவை அத்தாட்சி கேட்டா எங்களிட்டை ஒண்டும் இல்லை. அந்தப் பயத்தில மூண்டு வருசம் நாங்கள் அதை நிரப்பவே இல்லை. வீட்டுக்காரர் வரி கட்டாததுக்கு, கிடைக்க வேண்டிய காசை விட்டது நாங்கள்.

கிளினிக்கில இருந்து ஒரு கடிதம் போச்சுது, ஒரு பக்கம்தான். ரெண்டாம் நாள் ஹீற் வந்திட்டுது. தேர்மோமீற்றர் 22 காட்டினதைப் பாத்து மகள் கை தட்டினாள். சித்திரை 28ஆம் திகதி ஒழுங்கான என் 12 வந்தது, ஆனி 30 எண்டு திகதி போட்டு. மகன் வாறது உண்மை எண்டு நாங்கள் நம்பினம். கலியாண வீட்டுக் கதை கோயிலிலயும் அடிபட்டுது. போர்ட் வரைக்கும் போகலாம், கொஞ்சம் இழுக்கலாம் எண்டு லோயர் பிள்ளை சொன்னவதான், எங்களுக்கு மனமில்லை. ஒரு மாச வாடகையை அண்ணை கவரில போட்டுத் தந்தார், நான் ரிசீற் எழுதிக் குடுத்தன். மகளின்ர பள்ளிக்கூடம் முடிஞ்ச கிழமை சாமானைக் கட்டிக்கொண்டு எக்ளின்ரனில ஒரு அப்பாட்மென்றுக்கு வந்தம், 1,650 டொலர். அஞ்சு வருசத்தில வாடகை என்ன மாதிரி ஏறினது எண்டு அப்பதான் எங்களுக்கு உறைச்சுது. இவர் இரவு வேலை ஒண்டும் சேத்து எடுத்தார்.

ஐப்பசியில, மகளின்ர சுகாதார அட்டை பழைய விலாசத்துக்குப் போட்டுது எண்டு எடுக்கப் போனன். பக்கக் கதவைத் தட்ட, துறந்தது ஒரு பொடியன், இருபது வயசு இருக்கும், தமிழ்நாட்டுப் பொடியன், கொலிஜில படிக்கிறானாம். உள்ளுக்கை இன்னும் மூண்டு பேரின்ர சப்பாத்து. நாங்கள் போன கையோட, ஆவணியில வந்தவையாம். ஒராள் 550 டொலர், நாலு பேர், அதுக்கு மேல ஆளுக்கு 300 டொலர் டேமேஜ் டெபாசிற். அந்த டெபாசிற் வாங்குறதே ஒன்ராறியோவில சட்டத்துக்கு மாறு, கடைசி மாச வாடகையை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம்.

"ரிசீற் தாறவரோ தம்பி?" எண்டு கேட்டன்.

"கேக்கலக்கா. கேட்டா வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டா எங்க போறது? இங்க ரூம் கெடைக்கறதே கஷ்டமா இருக்கு."

அப்ப மகன்? மகனுக்குக் கலியாணம் நடந்தது உண்மை, அவை எஜாக்ஸில வீடு எடுத்து இருக்கினமாம். நான் திரும்பி வரேக்கை பஸ்ஸில இருந்து அழுதன். ஏமாந்தம் எண்டதுக்கு இல்லை. நாலு மாசம் ராவு ராவா இவர் வேலைக்குப் போனது ஒரு பொய்யால எண்டு நினைக்க என்னால தாங்கேலாமப் போட்டுது.

என் 12 பொய்யாத் தந்தா ரீ 5 (T5) எண்டு ஒரு விண்ணப்பம் இருக்கு, வீட்டை விட்டு ஒரு வருசத்துக்குள்ள போடவேணும். அந்த ஒரு வருசத்துக்கை வீட்டுக்காரர் வேற ஆக்களுக்கு வாடகைக்கு விட்டா, அல்லது விளம்பரம் போட்டாலே, பொய்யாத்தான் தந்தவர் எண்டு சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை எண்டு காட்டவேண்டியது அவற்ர பொறுப்பு. புது வீட்டில நாங்கள் கூடக் குடுக்கிற வாடகையை ஒரு வருசத்துக்குக் கேக்கலாம், சாமான் ஏத்தின செலவு கேக்கலாம், அதுக்கு மேல பழைய வாடகையில 12 மாசம் வரைக்கும் போர்ட் நட்டஈடு போடலாம். எங்கட கணக்கில வாடகை வித்தியாசம் மட்டும் மாசம் 700, வருசத்துக்கு 8,400 டொலர்.

போடுறதோ விடுறதோ எண்டு ரெண்டு மாசம் வீட்டில சண்டை. இவர் வேண்டாம் எண்டார். சித்தி ஃபோன் எடுத்து, "வந்த நேரம் இடம் தந்த மனுசனை கோட்டுக்கு இழுக்கப் போறியளோ" எண்டு கேட்டா. கோயிலில ரெண்டு பேர் என்னோட கதைக்கிறதை விட்டினம். அந்த ஜக்கற்றை நான் மறக்கேல்லை, அந்த இரவு ஆஸ்பத்திரிக்குப் போனதையும் மறக்கேல்லை. ஆனா அதுக்கு விலையா நாங்கள் 15 பாகையில பிள்ளையை வைச்சிருக்கவேணும் எண்டு எந்த ஊர் முறையிலயும் இல்லை. நன்றி வேற, வாடகை வேற. வாடகையை நாங்கள் மாசாமாசம் எண்ணிக் குடுத்தனாங்கள். 2023 தை மாசம் போட்டன், என்ர பேரில.

பிறகு காத்திருந்தது பெரிய கதை. அந்த வருசம் வைகாசியில அரச அமைப்புகளைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் இந்த போர்டைப் பற்றி ஒரு அறிக்கை விட்டவர், 38,000 விண்ணப்பத்துக்கு மேல தேங்கிக் கிடக்குது எண்டு. அதுக்கை எங்கடையும் ஒண்டு. எங்கட விசாரணை வந்தது 2024 மாசியில, ஸூமில. கொவிட்டுக்குப் பிறகு எல்லாம் ஸூம்தான். அண்ணை தன்ர ஹோலில இருந்து வந்தார், அவருக்குப் பின்னால சுவரில அந்த தேர்மோஸ்ராற். விசாரணை தொடங்க முந்தி, சமரசம் பேச விருப்பமோ எண்டு கேட்டினம், ஓமெண்டம். 6,000 டொலர், மாசம் 500ஆ ஒரு வருசத்துக்கு. கிளினிக்கில இருந்து வந்தவ இன்னும் கேக்கலாம் எண்டவ. நான் காணும் எண்டன். கடைசி மாசம் வரைக்கும் அண்ணை ஒழுங்கா அனுப்பினவர், அதையும் சொல்லவேணும்.

ஆனா எனக்கு இப்பவும் நித்திரை வராம இருக்கிறது காசால இல்லை. அந்த அறை யன்னலாலதான்.

இல்லீகல் எண்டு சொல்லுறதுக்குள்ள ரெண்டு விசயம் இருக்கு எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கிச்சுது. பேஸ்மென்றில ஆக்களை வைச்சிருக்கிறதே பிழை எண்டு இல்லை. 1998இல ஸ்காபரோவை ரொறொன்ரோவோட சேர்க்க முந்தி இஞ்சை அதுக்கு அனுமதி இல்லாமத்தான் இருந்தது, 2000ஆம் ஆண்டு சிற்றி ஒரு பைலோ (மாநகரச் சட்டம்) கொண்டுவந்து அனுமதிச்சிட்டுது, 2011இல மாகாணமே எல்லாச் சிற்றிக்கும் அனுமதிக்கச் சொல்லிப்போட்டுது. அதால அண்ணை நினைச்சிருந்தா பேர்மிற் எடுத்து லீகல் ஆக்கியிருக்கலாம். எடுக்காததுக்குக் காரணம் செலவு. நெருப்பு பரவாத மாதிரி மேலுக்கும் கீழுக்கும் இடையில தடுப்பு வைக்கவேணும், ஸ்மோக் அலாம் ஒழுங்கா வைக்கவேணும், படுக்கையறையில ஒரு ஆள் வெளியில வரக்கூடிய யன்னல் வேணும். கட்டிடக் கோட் சொல்லுறது, துறக்கிற இடம் 0.35 சதுர மீற்றராவது, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையப்படாது. எங்கட அறை யன்னலை நான் வெளிக்கிட்ட அண்டு அடிமட்டத்தால அளந்தன், உயரம் 28 சென்ரிமீற்றர். என்ர மகள் ஏழு வயசில கூட அதுக்குள்ளால வந்திருக்க மாட்டாள். வெளியில போறதுக்கு இருந்தது ஒரே ஒரு படி, அதுவும் ஃபர்னஸைத் தாண்டி. அஞ்சு வருசம் அதுக்கை படுத்து எழும்பினம். 2021 செப்ரெம்பர் முதலாம் திகதி இரவு ஐடா சூறாவளி மழையில நியூயோர்க் நகரத்தில செத்த 13 பேரில 11 பேர் பேஸ்மென்ற் வீடுகளில இருந்தவை. மச்சாள் அண்டைக்கு விடிய விடிய ஃபோனில அழுதவ, அவையின்ர தெருவுக்கும் தண்ணி வந்தது. அப்பகூட நான் எங்கட யன்னலைப் பாத்தனான், பாத்திட்டு திரையை இழுத்து மூடினன்.

இதிலதான் எனக்கு இண்டைக்கும் ஒரு முடிவு வரேல்லை. சிற்றியின்ர ஃபோன் நம்பர் 311க்கு அடிச்சா சிற்றி வரும், இன்ஸ்பெக்டர் பாப்பார், ஓடர் போடுவார். அண்ணை செலவழிச்சுத் திருத்தலாம், திருத்தேலாது எண்டா மூடலாம். மூடினா அந்த நாலு பொடியளும் எங்கை போறது? உயிருக்கு உடன ஆபத்து எண்டு தீயணைப்புக்காரர் கண்டா, 120 நாள் 60 நாள் ஒண்டும் இல்லை, அண்டைக்கே வெளியில எடுக்க அவைக்கு அதிகாரம் இருக்கு. அப்பிடி நடந்தா வீட்டுக்காரரிட்ட நட்டம் கேட்டு போர்டுக்குப் போகலாம் எண்டது உண்மை, ஆனா அண்டிரவு படுக்க இடம் வேணும். வாடகைச் சட்டம் இல்லீகல் வீட்டில இருக்கிற ஆளைக் காப்பாத்துது, அந்த வீட்டை அது காப்பாத்தாது. சிற்றி ஓடர் போடேக்கை, அங்கை இருக்கிற ஆக்களுக்கு மாத்து இடத்தையும் சேத்துக் குடுத்தாத்தான் சனம் பயமில்லாம முறைப்பாடு செய்யும். அதுவரைக்கும் எங்கட மாதிரி ஆக்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டுதான் இருக்கப் போறம், எனக்கு இதில கோவம் கோவமா வருது.

ஐப்பசியில கண்ட அந்தப் பொடியனிட்ட கிளினிக் நம்பரைக் குடுத்தனான். ஸ்ரெப்ஸ் ரு ஜஸ்ரிஸ் எண்ட வெப்சைற்றைக் காட்டினனான், லேசான இங்கிலிஷில எல்லாம் இருக்கு. வாடகை குடுக்கிற அண்டைக்கு ரெக்ஸ்ற் போடு, நீ எந்தப் பேப்பரிலயும் கையெழுத்து வைக்காதை, என் 9, என் 11 எண்டு கண்டா என்னைக் கூப்பிடு எண்டு சொன்னன். என் 9 எண்டது, நானாப் போறன் எண்டு குடியிருக்கிற ஆள் எழுதிக் குடுக்கிற நோட்டீஸ், அதையும் மற்றப் பேப்பர்களோட சேத்து நீட்டுறவை இருக்கினம்.

கதைச்சுக்கொண்டிருக்கேக்கை உள்ளுக்கை பாத்தன், சீலிங்கில அலாம் இல்லை. எங்கட காலத்திலயும் இல்லை. ஒவ்வொரு மாடியிலயும் ஸ்மோக் அலாம் வைக்கிறது வீட்டுக்காரற்ர பொறுப்பு எண்டு சட்டம் இருந்து எத்தனையோ வருசம். அடுத்த சனிக்கிழமை கனேடியன் ரயர் கடையில புகைக்கும் காபன் மொனொக்சைட்டுக்கும் சேத்து ஒண்டு வாங்கிக்கொண்டு திரும்பப் போனன். பொடியன் கதிரையைப் பிடிக்க நான் ஏறி, அறை வாசலுக்கு மேல பூட்டினன். பட்டனை அமத்த அது வீடு முழுக்கக் கேக்கிற மாதிரிக் கத்திச்சுது. மேல ஆரோ நடந்துகொண்டிருந்த சத்தம் அப்பிடியே நிண்டுது.